பெரியமாமி அணைத்த அடுப்பு

பெரியமாமி போன மாதம் காலமானார். வயது நூறைத் தாண்டியிருந்தது. மயான மண்டபத்தில் பேசியவர்களில் பலர் ஒரே செய்தியைச் சொன்னார்கள். மெல்பேர்னின் புறநகரான நோபல் பார்க்கில் முதன்முதலாகப் பொங்கல் பானை ஏற்றியவர் அவர்தானாம். பின்வரிசையில் இருந்த இளையவர்கள் சிலர் அதைக் கைப்பேசியில் பதிவுசெய்தார்கள். இனி அது வரலாறாகிவிடும்.

ஆகவே ஒரு திருத்தம். அவர் பானை ஏற்றவில்லை. மற்றவர்கள் ஏற்றிய பானையின் கீழ் எரிந்த நெருப்பைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயால் அணைத்தார். அன்று நான் பக்கத்தில் நின்றேன்.

எண்பதுகளில் சிறுவர்களாக மெல்பேர்னில் வந்திறங்கிய என் வயதினருக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் இந்த நகரத்தை முதலில் பார்த்தது அவருடைய கார்க் கண்ணாடி வழியாகத்தான். பின்புறம் நீண்ட மண்ணிறக் கார். பின்னிருக்கையில் எப்போதும் ஒரு கம்பளிப் போர்வை கிடக்கும். விமான நிலையத்தில் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றவர்களின் மடியில் அதைத் தூக்கிப் போடுவார். "சுகமோ" என்று கேட்கமாட்டார். "பெல்ட்டைப் போடு" என்பார். போர்வையில் முன்பு வந்தவர்களின் வாந்தியும் சந்தனப் பவுடரும் கலந்த மணம் இருக்கும்.

அவர் என் அப்பாவின் மாமி, அப்பப்பாவின் மூத்த சகோதரி. அப்பா கூப்பிட்டதைப் பார்த்து நாங்களும் பெரியமாமி என்றோம். நம் நிறத்தவர்களை இந்த நாடு உள்ளே விடத் தொடங்கிய ஆரம்ப காலத்திலேயே கணவரோடு வந்தவர். கணவர் வந்த சில வருடங்களில் மாரடைப்பில் போனார். ஊருக்குத் திரும்பி வரும்படி ஊரே கேட்டது. பெரியமாமி டாண்டினோங் பக்கத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில் இருக்கை உறை தைக்கும் வேலைக்குப் போனார். சேலையோடு அந்தப் பெரிய தையல் மெஷினில் இருக்க முடியாது என்று நீளக் காற்சட்டை போட்டார். கார் ஓட்டப் பழகினார். வீடு வாங்கினார். பின்னால் ஒரு பெரிய வளவு, மரப்பலகை வேலி, துணி காயப்போடும் சுழலும் கம்பி, ஒரு எலுமிச்சை மரம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழர் வீடு என்று இருந்தது அது ஒன்றுதான்.

இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு எங்களை ஸ்பொன்சர் செய்து எடுத்தவர் அவர். அப்பா, அம்மா, நான் மூவரும் அவருடைய முன்னறையில் இருந்தோம். அம்மாவின் வயிற்றில் பிள்ளை.

நான் சொல்லப்போவது எங்கள் முதல் கோடைகாலம். இங்கே தை மாதம்தான் கோடை. எனக்குப் பத்து வயது நடந்தது. பள்ளிக்கூட விடுமுறை. புல் ஆட்டுக் கம்பளி நிறத்துக்கு வந்திருந்தது. காலில் குத்தும். அதுவரை பச்சையில்லாத புல்லை நான் கண்டதில்லை.

தைப்பொங்கல் வருகிறது என்றதும் எங்களோடு வந்தவர்களுக்குள் ஒரு கதை எழுந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரு வளவில் பொங்க வேண்டும். எல்லோரும் என்றால் ஒரு கைப்பிடிதான். ஊரில் அதிபராக இருந்து இங்கே பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலை பார்த்த அங்கிள், அவருடைய மனைவி, பிளாட் ஒன்றில் சேர்ந்திருந்த மூன்று அண்ணாமார். வளவு என்றால் பெரியமாமியின் வளவு. பொங்கலுக்கு முதல்நாள் மாலை அவரே காரில் போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பானை எங்களுடையது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த மண்பானை. கொழும்பு வரை மடியில், விமானத்தில் கால்களுக்கிடையில், சேலைகளால் சுற்றி. நகைப்பெட்டியைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. வீட்டைவிட்டு ஓடும்போது குசினியில் இருந்து எடுத்த ஒரே பொருள் அது. ஏன் அதை எடுத்தார் என்று அம்மாவுக்கே தெரியாது.

அடுத்து நேரம் பற்றிய விவாதம். இரவுச் சாப்பாட்டின்போது அதிபர் அங்கிள் அதைத் தீர்த்துவைத்தார்.

"தை பிறக்கிறது ஊரில. அங்க சூரியன் எழும்பேக்கை இஞ்ச நாங்கள் பொங்க வேணும். எங்களுக்குக் கணக்கு எங்கட சூரியன்தான்."

"அப்ப இஞ்ச மத்தியானம் பன்ரெண்டாகுமே, சேர்," என்றார் பிளாட் அண்ணாமாரில் ஒருவர்.

"ஆகட்டும். என்ன, உச்சி வெயிலில பால் கெதியாப் பொங்கும்."

பெரியமாமி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "இஞ்சத்தைச் சூரியன் வேற சூரியனோ?"

அண்ணாமார் சிரித்தார்கள். அங்கிள் சிரிக்கவில்லை. அவர் பல வருடங்கள் அதிபராக இருந்தவர். தன் பேச்சுக்கு நடுவில் மற்றவர்கள் சிரித்துப் பழக்கமில்லாதவர்.

மறுநாள் விடியும்போதே சூடு. வடக்கிலிருந்து காற்று, வெதுப்பகத்து அடுப்புக் கதவைத் திறந்தது போல. பெரியமாமி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். குசினி யன்னலில் இருந்த றேடியோவை அவர் சத்தமாக வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு ஃபயர் பான். வெளியில நெருப்பு மூட்டேலாது. குசினி அடுப்பில பொங்குங்கோ. விளங்கிச்சோ?"

"ஓம் மாமி."

அவர் காரணம் சொல்லவில்லை. அது அவர் வழக்கமில்லை. தொழிற்சாலையிலும் வீட்டிலும் காரிலும் அவர் உத்தரவுகளை மட்டும் கொடுப்பார். கட்டளையும் காரணமும் ஒன்றாக வருவதை நேர விரயம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்பா அதைச் சபையில் சொன்னார். சொன்ன விதம்தான் பிழை. "மாமிக்கு வெளியில பொங்கிறது அவ்வளவு விருப்பமில்லைப் போல," என்றார்.

"ஃபயர் பான் காட்டுக்கெல்லே. இஞ்ச எங்க காடு?" என்றார் ஒரு அண்ணா.

"புல்லுக் கருகிப்போகும் எண்டு பயப்பிடுறா," என்றார் அங்கிளின் மனைவி.

"அயலட்டை வெள்ளைக்காரன் என்ன சொல்லுவானெண்டு பயம்," என்றார் அங்கிள். "இவ்வளவு காலம் அவங்களோட இருந்தா அப்பிடித்தான். நெருப்பில்லாமல் பொங்கலோ? சூரியனைக் குசினிக்குள்ள கூப்பிடலாமோ?"

இந்தப் பேச்சில் யாருமே பெரியமாமியை வெறுக்கவில்லை. அதை இப்போது குறிப்பிடுவது நியாயம். அவருடைய பாயில் படுத்து எழும்பி, அவருடைய தேநீரைக் குடித்துக்கொண்டுதான் பேசினார்கள். வீடுகள் எரிந்த ஊரிலிருந்து வந்தவர்கள். ஒரு பானைக்குக் கீழே தங்கள் கையால் நல்ல நெருப்பு ஒன்றை மூட்ட வேண்டியிருந்தது. இது என் இன்றைய விளக்கம். அன்று எனக்குக் கரும்பு கிடைக்காததுதான் கவலை.

வேலிக்கு முன்னால் கோலம் போட்டார்கள். மூன்று செங்கல். பழைய வேலிப்பலகையை அண்ணாமார் பிளந்து விறகாக்கினார்கள். ஊரில் சூரியன் எழும்பும் நேரத்தில், நோபல் பார்க் உச்சி வெயிலில், அம்மா கற்பூரத்தால் அடுப்பை மூட்டினார். பிள்ளைத்தாய்ச்சி மூட்டுவது விசேஷம் என்றார் அங்கிளின் மனைவி. காற்று சுவாலையைப் படுக்கவைத்து வேலிப் பக்கம் இழுத்தது. அண்ணாமார் ஒரு போர்வையைப் பிடித்து மறைத்தார்கள். ஆம், அதே கார்ப் போர்வை. முதல்நாள் இரவு பாயில் விரிக்க உள்ளே கொண்டுவந்தது. பால் நுரைத்துக் கழுத்துவரை வந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

அப்போது பக்கக் கதவு திறந்தது. சூடு மிஞ்சியதால் தொழிற்சாலையில் ஆட்களை வீட்டுக்கு விட்டிருந்தார்கள். பெரியமாமி கைப்பையைப் புல்லில் வைத்தார். குழாயைத் திறந்தார். எலுமிச்சை மரத்தடியில் சுருண்டு கிடந்த றப்பர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து அடுப்பில் பிடித்தார். அங்கிளின் வேட்டியும் நனைந்தது.

கொதிக்கும் மண்பானையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று குசினி தெரிந்த எவருக்கும் தெரியும். சத்தம் பெரிதாக இல்லை. பானை இரண்டாகப் பிரிந்து இருபுறமும் சாய்ந்தது. பால் கோலத்தின்மேல் ஓடி, சாம்பலோடு கலந்து, புல்லுக்குள் இறங்கியது.

அம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

"அக்கா, பொங்கிற அடுப்பை நூர்த்துப்போட்டியள்," என்றார் அங்கிள். "பிள்ளைத்தாய்ச்சி மூட்டின அடுப்பு."

"காலமையே சொன்னனான்," என்றார் பெரியமாமி. செங்கற்களுக்குக் கீழே இன்னும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நாங்கள் போறம்."

போய்விட்டு வருகிறோம் என்னும் 'போட்டு வாறம்' சொல்லவில்லை. போறம் என்றார். செத்த வீட்டில்தான் அப்படிச் சொல்வார்கள். அவருடைய மனைவி கையால் வாயைப் பொத்தினார். பிறகு அவரும் பின்னால் போனார். அண்ணாமாரும் போனார்கள்.

கோபத்தில் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். வந்தது பெரியமாமியின் காரில்.

அந்த ஊர்வலத்தை நான் காருக்குள் இருந்து பார்த்தேன். "ஏறு," என்று என்னை முன்னால் இருத்தி, பெரியமாமி அவர்களுக்குப் பக்கத்தில் நடை வேகத்தில் ஓட்டினார். பட்டு வேட்டி, காஞ்சிபுரம் சேலை, பின்னால் மூன்று இளைஞர்கள். தெருவில் வேறு ஒரு உயிர் இல்லை. தார் இளகிச் சப்பாத்தின் அடியில் ஒட்டியது.

"ஏறுங்கோ, மாஸ்ரர். இந்தச் சூட்டுக்கு ரயில் ஒழுங்கா ஓடாது."

"நாங்கள் நல்லூர்க் கோயிலுக்கு நடந்த ஆக்கள்."

"நல்லூருக்குச் சப்பாத்துப் போட்டோ நடந்தனீங்கள்?"

ஒரு அண்ணா சிரிப்பை அடக்க இருமினார். அங்கிள் திரும்பிப் பார்த்தார். இருமலும் நின்றது.

ஸ்டேஷனில் ரயில் இல்லை. பெரியமாமி காரை எதிரே நிறுத்திவிட்டு, கடையில் ஐஸ்பழம் வாங்கி எனக்கு ஒன்று தந்து, தானும் ஒன்றைத் தின்றுகொண்டு காத்திருந்தார். முதலில் வந்து ஏறியது அங்கிளின் மனைவி. பிறகு மற்றவர்கள். இருக்கை உறை பிளாஸ்டிக். உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். இறங்கும்போதும் போட்டு வாறம் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று எதுவும் எரியவில்லை. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் ஒரு குப்பைத்தொட்டிகூடப் பற்றவில்லை. பின்னேரம் தெற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்து எல்லாவற்றையும் தணித்தது. பெரியமாமி செய்தது சரி என்று காட்ட எந்தச் சான்றும் மிஞ்சவில்லை. எரியாத வீட்டுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிய பிறகு, முதியோர் இல்லத்தில் முந்நூற்று நாலு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, நான் கேட்டேன். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். நாங்கள் வருவதற்கு முந்திய கோடையில் மலைப்பக்கம் எரிந்திருக்கிறது. அவரோடு தைத்த இத்தாலியப் பெண்ணின் தங்கை வீடு போயிற்று. தொழிற்சாலைப் பெண்கள் உடுப்பு சேர்த்துக்கொண்டு போனார்கள், இவரும் போனார். ஒரு மண்டபத்தில் ஆட்கள் சாம்பல் படிந்த காலோடு நின்றார்கள். ஒரு கிழவர் கையில் வீட்டுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாராம்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பெரியமாமி."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை. நீ துரும்பை இறக்கு."

அங்கிள் திரும்பி வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர் தொடங்கும் மாதத்தில் அவருடைய தம்பி குடும்பம் வந்தது. அங்கிள் தொலைபேசி எடுத்தார். "அக்கா, சனிக்கிழமை பிளேன்." பெரியமாமி, "எத்தினை மணிக்கு?" என்றார். இரண்டு பேரும் அதற்குமேல் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. கம்பளிப் போர்வையில் நெருப்புப் பொறி பட்ட ஓட்டைகள் இருந்தன. தம்பியின் பிள்ளைகள் அதற்குள் விரலை விட்டு விளையாடினார்கள்.

ஆனால் அம்மா காத்திருக்கவில்லை. அடுப்பு அணைந்த அன்று பின்னேரமே சிட்னிக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே பென்டில் ஹில்லில் அம்மாவின் அண்ணன் இருந்தார். மறுநாள் பின்னேரம் பஸ். சூட்கேஸை நடைவழியில் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கு இஞ்ச வேலை இருக்கு," என்றார் அப்பா.

"நீங்கள் இருங்கோ. நான் பிள்ளையளோட போறன்." பிள்ளையள் என்றது என்னையும் வயிற்றில் இருந்ததையும். "பொங்கிற அடுப்பில தண்ணி ஊத்தின வீட்டில நான் பெற மாட்டன்."

அம்மா சகுனங்களில் கண்டிப்பானவர். பால் கிழக்கே அல்லது வடக்கே வழிந்தால் நல்லது. மேற்கு பரவாயில்லை. தெற்கு யமன் திசை. பொங்காமலே போவதற்கு அவருடைய கணக்கில் பெயரே இருக்கவில்லை. முன்பு ஒரு பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவர். அது எனக்குப் பிறகு தெரிந்தது. பெரியமாமிக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். உடைந்த பானையின் இரு பாதிகளையும் அவர் வீசவில்லை. கழுவி எலுமிச்சை மரத்தடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு வந்த ஏதோ ஒரு துப்புரவில் அவை காணாமல் போயின.

அடுத்த நாள் பட்டிப்பொங்கல், மாடுகளுக்கான பொங்கல். விடியவே தண்ணீர்ச் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். பெரியமாமி காரை வளவுக்குள் கொண்டுவந்து கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, முன்மூடியில் மூன்று குறி திருநீறு. நடுவில் சந்தனம். வேலியோரத்து நீலப் பூக்களைத் தும்புக் கயிற்றில் கட்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டார். அப்பா கதவடியில் நின்று பார்த்தார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"என்ன மாமி இது?"

"மாட்டுக்கு நான் எங்க போறது? உங்கள் எல்லாரையும் இழுத்தது இதுதானே."

கழுவிய செங்கற்கள் அதே இடத்தில் இல்லை. வேலியிலிருந்து தள்ளி, வளவின் நடுவில், சுற்றிலும் புல்லைச் செதுக்கி மண் தெரிய வைத்திருந்தார். பக்கத்தில் தண்ணீர்க் குழாய். அடுப்பில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி. அவரோடு தைத்த இத்தாலியக்காரி தக்காளி காய்ச்சும் சட்டி. அதைக் கேட்டு வாங்க அவர் விடியமுன்னே போய் வந்திருந்தார். றேடியோவில் தடை இல்லை என்று சொன்னதை எல்லோருக்கும் கேட்க வைத்தார். சூரியன் டாண்டினோங் பக்கமாக எழும்பிக்கொண்டிருந்தது.

ஆனால் அவருக்குப் பொங்கத் தெரியாது. இதை நான் தீர்மானமாகச் சொல்லலாம். பாலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. விறகைக் குறுக்காக அடுக்கிப் புகையவிட்டார். ஊதி ஊதிக் கண் சிவந்தது. பல வருடங்களாக ஒற்றை ஆளுக்குச் சமைத்தவர்.

அம்மா குசினிப் படியில் நின்றார். உள்ளேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பஸ்ஸுக்கு உடுத்தும் சேலையை உடுத்தியிருந்தார்.

"அந்த விறகை இழுத்துவிட வேணும்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல்.

பெரியமாமி வேறொரு விறகை இழுத்தார்.

"அதில்லை."

அம்மா இறங்கினார். குனிய முடியாததால் காலால் தட்டி விறகைச் சரிசெய்தார். நெருப்பு எழும்பியது. பெரியமாமி எழுந்து, காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்ற எதிர்பார்ப்பை அப்பாவின் முகத்தில் கண்டேன். பெரியமாமி கேட்கவில்லை. அம்மாவுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். அம்மா அதில் இருக்கவில்லை.

பால் எழும்பியது. விளிம்பில் ஒரு கணம் தயங்கியது. பிறகு ரயில் பாதைப் பக்கமாக வழிந்து நெருப்பில் விழுந்து சீறியது.

எனக்குத் திசை தெரியும். இரவில் பாயில் படுத்து ரயில்களைக் கேட்டுத்தான் நான் அந்த வீட்டைப் பழகியிருந்தேன். சூரியனை இடக்கைப் பக்கம் வைத்து நின்றேன். ரயில் பாதை என் முகத்துக்கு நேரே இருந்தது. அது தெற்கு. சுத்தமான தெற்கு. அப்பாவும் பார்த்தார்.

பெரியமாமி கண்ணைச் சுருக்கினார். "எனக்குப் புகையில தெரியேல்லை. எந்தப் பக்கம்?"

அம்மா வழிந்த பாலைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். நடைவழியில், திறந்த கதவுக்கு அப்பால் நின்ற சூட்கேஸைப் பார்த்தார். எங்களில் திசை பிழைக்காத ஒரே ஆள் அவர்.

"வடக்கு," என்றார்.

அதே வளவில் அத்தனை வருடங்கள் காற்றுத் திசை பார்த்துத் துணி காயப்போட்ட பெரியமாமி தலையை ஆட்டினார். "ஓம். வடக்குத்தான்."

அம்மா அவர் பக்கம் கையை நீட்டினார்.

"அரிசியைத் தாங்கோ, மாமி."